போர்ட் திறந்திருந்த காலம்

சிவகாசிக்கும் விருதுநகருக்கும் எஸ்.டி.டி. கோடு ஒன்றுதான்: 04562. லேண்ட்லைன் காலத்தில் அது எங்களுக்குப் பெரிய வசதி. இரண்டு ஊருக்கும் நடுவில் 25 கிலோமீட்டர் சொச்சம் இருந்தாலும் போன் போட்டால் லோக்கல் கால்தான். 2008-ல் சிவகாசியில் நானும் விருதுநகரில் அத்தை மகனும் இன்டர்நெட் வழியாகக் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடத் தொடங்கினோம். ஒவ்வொரு ஆட்டமும் அந்த லோக்கல் காலில்தான் ஆரம்பிக்கும்.

“மச்சான், எழுதிக்கோங்க. அம்பத்தொம்பது, புள்ளி, தொண்ணூத்திரெண்டு, புள்ளி...”

மறுமுனையில் அவர் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிப் படிப்பார். அந்த நான்கு எண்கள்தான் அன்றைய இரவுக்கு எங்கள் வீட்டின் ஐபி முகவரி. கன்சோலைத் திறந்து, கனெக்ட் என்று அடித்து, அந்த எண்களைப் போட்டால் விருதுநகரில் இருப்பவர் சிவகாசியில் எங்கள் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுவார். ஆட்டத்தை நடத்தியது அந்தக் கம்ப்யூட்டர்தான். அதன் மின்விசிறி போடும் சத்தம் கூடினால் ஆள் ஒருவர் உள்ளே வந்துவிட்டார் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது விளையாட்டுக்காக இல்லை. அப்பா அச்சுத் தொழிலில் டிசைன் வேலை பார்த்தார். பட்டாசுப் பெட்டி லேபிள், நோட்டு அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காலண்டர். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சுத் தொழிலின் வழக்கம். அதனால் ஆனி மாதம் முழுக்கக் கோரல்டிராவும் போட்டோஷாப்பும் மட்டுமே அந்தத் திரையில் இருக்கும். நாங்கள் பக்கத்தில் போக முடியாது. ஆடி 18 முடிந்தால் இரவுகள் எங்களுடையவை.

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்டைத் தொடங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்த இணைப்பு 2 எம்பிபிஎஸ் வரை போகும் என்றார்கள். மாத அளவு சில ஜிபிதான். தாண்டினால் பில் ஏறும். ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு ஓடினாலும் கணக்கில்லை. ஒரு தலைமுறைப் பையன்கள் அலாரம் வைத்து இரண்டு மணிக்கு எழுந்து படித்ததும் பார்த்ததும் ஆடியதும் அந்தச் சலுகையால்தான்.

இரவு இரண்டு மணிக்குச் செய்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதால்.

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் மோடத்தின் பக்கம் திறக்கும். பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். அட்வான்ஸ்டு என்ற பகுதிக்குள் நேட், அதற்குள் விர்ச்சுவல் சர்வர். அங்கே ஒரு சின்னப் படிவம். புரோட்டோகால் என்ற இடத்தில் யுடிபி. போர்ட் 27015, கவுன்டர்-ஸ்ட்ரைக் சர்வர் காத்திருக்கும் எண் அது. கடைசிக் கட்டத்தில், வீட்டுக்குள் எந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு 192.168.1.10. அந்த எண் மாறிவிடக் கூடாது என்பதற்காக முன்னதாகவே விண்டோஸ் எக்ஸ்பியில் போய் அதைக் கையால் நிலைப்படுத்தி வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பியின் ஃபயர்வாலிலும் விளையாட்டுக்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ‘சேவ் அண்ட் ரீபூட்’. வெறும் அப்ளையை மட்டும் அழுத்திவிட்டு எழுந்தால் அடுத்த கரண்ட் கட்டில் எல்லாம் அழிந்திருக்கும். மோடம் திரும்ப எழுந்து, ஏடிஎஸ்எல் விளக்கு மினுக்கி மினுக்கிக் கடைசியில் நிலையாக எரியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்போம்.

இதெல்லாம் ஏன் தேவைப்பட்டது? பிஎஸ்என்எல் ஒரு வீட்டுக்கு ஒரு ஐபி முகவரிதான் தரும். வீட்டுக்குள் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டும் அந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். உள்ளேயிருந்து ஒரு கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால், யார் கேட்டது என்பதை மோடம் குறித்து வைத்துக்கொள்ளும். பதில் வந்ததும் அவரிடமே சேர்க்கும். வெளியிலிருந்து ஒருவர் கேட்காமல் வந்தால், யாரைப் பார்க்க வந்தார் என்று மோடத்துக்குத் தெரியாது. அந்தப் பாக்கெட்டைத் தள்ளிவிடும். விளையாட்டு சர்வருக்கு வருகிறவர்கள் எல்லோருமே அப்படிக் கேட்காமல் வருகிறவர்கள்தான். ‘27015 என்று சொல்லி வருகிறவரை இந்தக் கம்ப்யூட்டரிடம் அனுப்பு’ என்று மோடத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதற்குப் பெயர்தான் போர்ட் ஃபார்வர்டிங். 0 முதல் 65535 வரை எண்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் திறக்கிறோம்.

முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ‘நேட்’ என்ற இந்த ஏற்பாட்டை 1994 மே மாதம் கெல்ட் எகவாங்கும் பால் பிரான்சிஸும் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணமாக எழுதினார்கள். நீண்டகாலத் தீர்வு வரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு குறுகியகால ஏற்பாடு என்றுதான் அதை முன்வைத்தார்கள். முப்பது ஆண்டு தாண்டியும் உலகம் அதன் மேல்தான் நிற்கிறது.

எங்கள் ஆட்டத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கரண்ட் கட். 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சம் தொட்ட அந்த மின்வெட்டுக் காலத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கரண்ட் போய் வந்தால் மோடம் புது இணைப்பு எடுக்கும், ஐபி முகவரி மாறிவிடும். மறுபடியும் லேண்ட்லைன், மறுபடியும் அம்பத்தொம்பதோ நூத்திப்பதினேழோ. கரண்ட் இல்லாவிட்டாலும் லேண்ட்லைன் வேலை செய்யும் என்பது அந்த நாட்களின் பெரிய ஆறுதல். பிற்பாடு அத்தை மகன் டின்டிஎன்எஸ் என்ற இலவசச் சேவையைக் கண்டுபிடித்தார். எண் மாறினாலும் பெயர் மாறாமல் இருக்கும்படி அது பார்த்துக்கொண்டது. அந்த இலவசமும் 2014-ல் நின்றுபோனது.

இரண்டாவது எதிரி இடி மின்னல். எங்கள் பகுதியில் வானம் கறுத்து மின்னல் வெட்டினால் பட்டாசு ஆலைகளில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும், அது விதி. வீட்டில் அம்மாவும் அதே வேகத்தில் ஓடி வந்து ஸ்பிளிட்டரிலிருந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்கிவிடுவார். செம்புக் கம்பி வழியாக மின்னல் இறங்கி மோடம் கருகிப் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆட்டம் பாதியில் நின்றதற்காக அம்மாவிடம் யாரும் கோபப்பட்டதில்லை.

கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடித்தான் நாங்கள் நெட்வொர்க் கற்றுக்கொண்டோம் என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை. ஐபி என்றால் என்ன, போர்ட் என்றால் என்ன, டிசிபிக்கும் யுடிபிக்கும் என்ன வித்தியாசம், வீட்டுக்குள் இருக்கும் முகவரி ஏன் வெளியில் செல்லாது: இது எதையும் எங்களுக்கு யாரும் வகுப்பில் சொல்லித் தரவில்லை. அத்தை மகன் பின்னாளில் நெட்வொர்க் வேலைக்கே போனார். போனவர் என் அக்காவைக் கட்டிக்கொண்டு விருதுநகருக்கே திரும்பி வந்து, இப்போது வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சீமை கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வாங்கி விற்கிறவர்களாகத் திரும்பாமல், செய்கிறவர்களாகத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சு வளர்ந்தது. மருந்து பழகியதால் பட்டாசு வந்தது. பதினைந்து வயதில் சொந்த வீட்டில் ஒரு சர்வரை நடத்தி, நான்கு பேரை உள்ளே அழைத்து உட்கார வைக்க முடிந்தபோது நான் அடைந்த பெருமிதத்துக்கும் அந்த ஊர்க்குணத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகவே நம்புகிறேன். இன்டர்நெட்டில் எங்களுக்கு ஒரு முகவரி இருந்தது. அங்கே நாங்கள் வாடிக்கையாளர்களாக மட்டும் இல்லை.

போன மே மாதம் விருதுநகருக்குப் போயிருந்தேன். அக்கா மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த லீவு. தன் அப்பாவின் பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் சர்வர் ஏற்றி வைத்திருந்தான். சாத்தூரில் ஒரு சிநேகிதன், ராஜபாளையத்தில் ஒருவன். இருவரையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

“மாமா, உங்களுக்குப் போர்ட் ஃபார்வர்ட் பண்ணத் தெரியுமாமே, அப்பா சொன்னாங்க. அவங்களுக்கு ஆபீஸ் மீட்டிங் இருக்காம்.”

தெரியும் என்று உட்கார்ந்தேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ். கேபிள் டிவி தரும் அண்ணன்தான் இதையும் தருகிறார். எங்கள் பழைய இணைப்பைவிட 50 மடங்கு வேகம், கணக்குப் பார்க்காத டேட்டா, மின்னலுக்குப் பயப்படாத கண்ணாடி இழை. ரவுட்டர் பக்கம் அதே 192.168.1.1. அதே விர்ச்சுவல் சர்வர் படிவம். டிசிபி, 25565, லேப்டாப்பின் முகவரி. சேவ் செய்தோம். ராஜபாளையத்துப் பையன் முயன்றான். உள்ளே வர முடியவில்லை. ஃபயர்வாலைப் பார்த்தோம், சரியாக இருந்தது. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரவுட்டரின் முதல் பக்கத்துக்குப் போய் வேன் ஐபி என்ற வரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் முகவரி என்ன என்று சொல்லும் தளத்தில் வேறொரு எண் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்த முகவரி நம்முடையது. வேறு வேறாக இருந்தால், நம் ரவுட்டருக்கு மேலே இன்னொரு பெரிய ரவுட்டர், கேபிள் கம்பெனியின் கட்டடத்தில், நமக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள் நாங்கள் செய்த அதே முகவரிப் பகிர்வை அது ஒரு ஊருக்கே செய்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே முகவரியில் வெளியே போகின்றன. 25565 என்று சொல்லிக்கொண்டு ஒரு பையன் வந்தால், எந்த வீட்டைப் பார்க்க வந்தான் என்று அந்தப் பெரிய ரவுட்டருக்குத் தெரியாது. சொல்லி வைக்க நமக்கு அனுமதியும் இல்லை. சிஜிநேட் என்பது இதன் பெயர். நம் வீட்டு ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை.

கேபிள் அண்ணனைக் குறை சொல்லி ஆகப் போவது எதுவும் இல்லை. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே 429 கோடி. உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ல் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்குப் பங்கிட்டுத் தரும் ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் கடைசிக் கையிருப்பை ரேஷனில் தரத் தொடங்கியது: ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள். முன்பே பெரிய அளவில் வாங்கி வைத்தவர்களுக்குக் கவலையில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், பல்லாயிரம் வீடுகளுக்கு அந்த ஆயிரத்துச் சொச்சத்தை வைத்துத்தான் பரிமாற வேண்டியிருந்தது. இதற்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். மருமகன் வீட்டு 100.72 அதற்குள்தான் வருகிறது. போன் போட்டுக் கேட்டதில், தனி முகவரி வேண்டுமென்றால் மாதாமாதம் தனிக் கட்டணம் என்றார்கள். அலுவலகங்களுக்கு அது சரி. பத்தாம் வகுப்புப் பையன் எங்கே போவான்?

“அப்ப உங்க காலத்துல ஸ்லோவா இருந்தும் முடிஞ்சது, இப்ப ஃபாஸ்ட்டா இருந்தும் முடியலையா மாமா?”

ஆமாம் என்பதைத் தவிர அவனுக்கு நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்திருக்கிறது, கரண்ட் கட் போயிருக்கிறது, விலை இறங்கியிருக்கிறது. எல்லாம் கூடி வந்திருக்கும் நேரத்தில், விருதுநகரில் ஒரு வீடு சாத்தூரில் ஒரு வீட்டை நேராக அழைக்க முடியவில்லை. இரண்டு பையன்கள் ஒரு சின்ன உலகத்தைச் சேர்ந்து கட்ட, வெகுதூரத்துக் கம்பெனி ஒன்றின் சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாடகைப் பணம்கூடப் பெரிதில்லை. சர்வரை நடத்துகிறவன் கற்றுக்கொள்வதை, அதில் போய் ஆடுகிறவன் கற்றுக்கொள்வதில்லை.

கதவு மூடியிருப்பதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் மறுக்க மாட்டேன். 2016 அக்டோபர் 21-ல் மிராய் என்ற நச்சு நிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் படையாகத் திரட்டி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியது. டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவில்லை. அந்த நிரலை எழுதிய அமெரிக்க இளைஞர்கள் அதைக் கொண்டு மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்கியவர்கள். 2017 டிசம்பரில் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட செய்தி வெளியானது. இந்தியாவிலும் 2017 ஜூலையில் ஒரு நச்சு நிரல் பிஎஸ்என்எல் மோடம்களைப் பதம் பார்த்தது. அட்மின், அட்மின் என்று அப்படியே கிடந்த மோடம்கள்தான் மாட்டின. கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

மருமகனிடம் இதை எங்கள் ஊர் வழியிலேயே சொன்னேன். பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கும் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அப்போதைய வேலைக்கு வேண்டிய மருந்து மட்டும்தான் உள்ளே வரலாம். போர்ட் திறப்பதும் அந்த மாதிரிதான்: வேண்டிய ஒரு எண், வேண்டிய ஆட்கள், ஆட்டம் முடிந்தால் மூடுவது. அவன் உடனே ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினான். சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒயிட்லிஸ்ட் என்ற வரியை ட்ரூ ஆக்கினான். சிநேகிதர்கள் இரண்டு பேர் பெயரை மட்டும் சேர்த்தான். விஷயம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு இன்னொரு வழியைத் தேடினோம். 1994-ல் எகவாங்கும் பிரான்சிஸும் காத்திருந்த நீண்டகாலத் தீர்வு உண்மையில் எப்போதோ வந்துவிட்டது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையை 1995 டிசம்பரிலேயே எழுதி வைத்தார்கள். பழையது 32 பிட்; இது 128 பிட். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி கொடுத்தாலும் தீராது. இதில் இந்தியா பின்தங்கவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2016-க்குப் பிறகு பரவிய 4ஜி மொபைல் இணைப்புகளால், கூகுளுக்கு இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஐபிவி6 வழியாகத்தான் வருகிறார்கள். கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த முகவரி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அது இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

கேபிள் அண்ணனின் இணைப்பிலும் ஐபிவி6 இருந்தது. ரவுட்டரில் அணைத்து வைத்திருந்தார்கள். போட்டோம். லேப்டாப்புக்கு 2-ல் தொடங்கும் நீண்ட முகவரி ஒன்று வந்தது. இங்கே ஃபார்வர்ட் செய்ய வேண்டியதில்லை. முகவரி நேராக லேப்டாப்புடையது. ஐபிவி6 ஃபயர்வாலில் 25565-க்கு மட்டும் அனுமதி எழுதினால் போதும். ராஜபாளையத்துப் பையன் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டான். மைன்கிராஃப்டில் அந்த நீண்ட முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட வேண்டும். இல்லாவிட்டால் எது முகவரி, எது போர்ட் என்று அதற்குத் தெரியாது. அடைப்புக்குறி போட்டதும் உள்ளே வந்துவிட்டான். மருமகன் போட்ட சத்தத்தில் அக்கா அடுக்களையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

சாத்தூர்ப் பையன் வரவில்லை. அவன் வீட்டு இணைப்பில் ஐபிவி6 இல்லை, போனில் அன்றைய டேட்டாவும் தீர்ந்திருந்தது. அவனுக்காக நடுவில் ஒரு ரிலே சேவையை வைத்து ஒப்பேற்றினோம். ஆட்டம் தட்டுத் தடுமாறித்தான் ஓடியது. அவனும் விடுவதாக இல்லை. மறுநாள் தங்கள் ஊர்க் கேபிள்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் போனில் கேட்டான். எழுதிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் இணைப்பில் ஐபிவி6 தருகிறீர்களா? தருகிறீர்கள் என்றால் ரவுட்டரில் அதைப் போட்டுத் தருவீர்களா, நானே போட்டுக்கொள்ளட்டுமா? தரவில்லை என்றால் எப்போது தருவீர்கள்? ஃபைபர் வைத்திருக்கும் எந்த வீட்டாரும் தங்கள் கேபிள்காரரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். பலர் கேட்டால்தான் அவரும் மேலே கேட்பார்.